பள்ளத்தாக்கில் ஒருவன் எழுந்திருக்கவில்லை

தோற்றுப்போவதில் மெர்வின் பியூவுக்கு இருந்த அனுபவம் கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் கிடையாது. லண்டன் பதிப்பாளர்கள் அவன் நாவலைத் திருப்பி அனுப்பினார்கள். கார்டிஃப் பத்திரிகைக்காரர்கள் அவன் கதைகளைத் திருப்பி அனுப்பினார்கள். தபால்காரர் தடித்த உறையோடு தெருமுனை திரும்பும்போதே வாசலில் நிற்கும் பெண்கள், “மெர்வின் பெத்த பிள்ளை ஊர் சுத்திட்டு வீடு வந்து சேந்துடுச்சு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் அந்தப் பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைத் திங்கட்கிழமை காலையில் பேருந்து ஏறும்போது அவன் தன் தோல்வியை மலைபோல நம்பியிருந்தான். வழக்கம்போலத் தோற்றுவிட்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

ஜெயித்துவிட்டால்தான் வம்பு.

பேருந்து முழுக்க கும்ஹெலிக் பாடகர் குழு. கடலோரத்தில், விவசாயிகள் இருக்கிற ஊரொன்றில் ஐஸ்டெத்வட் திருவிழா. பாட்டுக்குப் போட்டி, கவிதைக்குப் போட்டி, கதைக்குப் போட்டி. பாடகர்கள் ஏறியதிலிருந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்கள். கனத்த குரல்காரன் லியூ பின்னாலிருந்து மெர்வினின் தொப்பியைத் தட்டினான்.

“நீ வாயத் தொறந்தா இருமல்தானே வரும். உனக்கு எதுக்குடா இந்த பஸ்ல சீட்டு?”

“கைதட்ட ஒரு ஆளாவது வேணாமா?” என்றாள் முன் இருக்கையிலிருந்த நெஸ்டா, திரும்பிப் பார்க்காமலே. “நீ பாடுனா வேற யாரு தட்டுவா?”

பேருந்து சிரித்தது. மெர்வினும் சிரித்துவைத்தான். நெஸ்டாவின் பின்கழுத்தையும் அவள் இரவல் வாங்கிப் போட்டிருந்த நீலத் தொப்பியையும் பார்த்தபடி வந்தான். கிட்டோவின் மனைவி. நான்கு வருடமாக கிட்டோவின் விதவை.

பக்கத்தில் அவன் மனைவி ஓல்வென் அவன் விலாவில் இடித்தாள். அவன் போட்டிக்குக் கதை அனுப்பியது ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தபாலில் சேர்த்தவளே அவள்தான். என்ன கதை என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

“பரிசு நாற்காலிக்கு எடம் பாத்து வெச்சுட்டேன்” என்றாள் காதருகில். “ஜன்னலோரம். தையல் மிஷின மாடிக்கு ஏத்திரலாம்.”

“நாற்காலி வராது.”

“வந்தா?”

“வராதுன்னா வராது, ஓல்வென்.”

“ஜெயிக்கப் போறவன் மூஞ்சியா இது? பல்லுப் புடுங்கப் போறவன் மாதிரி உக்காந்திருக்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன் மெர்வின். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பிடித்துக் கொடுத்துக் கட்டிய நூலகம் ஒன்று ஊரில் இருந்தது. குளித்த ஈரம் காயுமுன் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். கண் இமையோரத்தில் கரி ஒட்டியிருக்கும். படித்துப் படித்து எழுத ஆசை வந்தது. எழுதியதெல்லாம் படித்த புத்தகங்களின் நகலாக இருந்தது: பெரிய மாளிகை, இடி, மழை, ஏமாற்றப்பட்ட சீமாட்டி. சீமாட்டி ஒருத்தியைக்கூட அவன் வாழ்நாளில் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பிறகு நெஞ்சில் தூசி ஏறியது. கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. டாக்டர், “மாடிப்படி ஏறாதே” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. அவன் அப்பாவும் அதே டாக்டரிடம் அதே வார்த்தையைக் கேட்டவர்தான். அடுத்த வசந்தத்தை அவர் பார்க்கவில்லை.

சாவதற்குள் ஒரு புத்தகம். தன் பெயர் அட்டையில் இருக்க, அந்த நூலகத்துத் தட்டில் ஒரே ஒரு புத்தகம். அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வேறு ஒன்றுக்கும் நேரமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விளம்பரம் வந்தது. கதைப்போட்டியின் நடுவர் ஈனோக் ட்ரெஹார்ன். லண்டனில் சொந்தப் பதிப்பகம் வைத்திருக்கும் பெரிய மனிதர். ஜெயிப்பவருக்குச் செதுக்கிய ஓக்மர நாற்காலி. அதோடு அவர் கதைகளை ட்ரெஹார்னே புத்தகமாகப் போடுவார். மெர்வின் சமையலறை மேசையில் உட்கார்ந்தான். சீமாட்டிகளை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருத்தியும் வரவில்லை. வந்தவன் கிட்டோதான்.

மெர்வினும் கிட்டோவும் ஒரே இடத்தில் ஒன்றாகக் கரி வெட்டிய கூட்டாளிகள். வேலை முடிந்து மேலே வரும்போது ஒவ்வொரு தொழிலாளியும், கூரையைத் தாங்கிக் கழித்துப்போட்ட முட்டுமரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவான். மறுநாள் காலையில் வீட்டில் அடுப்பு மூட்ட அந்தக் கட்டைதான். கம்பெனி கண்டும் காணாததுபோல விட்டுவிடும். ஆனால் மெர்வினும் கிட்டோவும் வெட்டிய இடத்தில் எப்போதும் தண்ணீர் சொட்டும். அங்கே கிடைக்கும் மரமெல்லாம் ஊறிப்போனது. கொஞ்சம் தள்ளி, மூடிப்போட்ட பழைய வழி ஒன்று இருந்தது. அதன் வாயில் இரண்டு கம்பங்களைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். உள்ளே போகக்கூடாது என்று அர்த்தம். உள்ளே கூரையைத் தாங்கும் முட்டுமரங்கள் சுக்காகக் காய்ந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று வேலை முடியும் நேரத்தில் கிட்டோ கோடாரியோடு கம்பத்துக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். கூரை அவன்மேல் இறங்கியது.

மெர்வின் ஓடிப்போய் வெறுங்கையால் கல்லைப் புரட்டப் பார்த்தான். முடியவில்லை. ஆள் கூப்பிட ஓடவும் போதாத கொஞ்ச நேரம்தான் கிட்டோவுக்கு உயிர் இருந்தது. பிறகு இல்லை. அப்புறம் மெர்வின் செய்ததைத்தான் அவன் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனி வேலைக்கு நிறுத்திய இடத்தில் செத்தால்தான் குடும்பத்துக்கு நஷ்டஈடு. அடுப்புக்கட்டை தேடிப் போய், போகக்கூடாத இடத்தில் செத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. நெஸ்டாவுக்கு மூன்று பிள்ளைகள், கடைசியது கைக்குழந்தை. மெர்வின் கடப்பாரையை எடுத்துவந்து கல்லை நெம்பிக் கூட்டாளியை வெளியே எடுத்தான். தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே தாங்கள் வெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தான். கிடத்தினான். பக்கத்திலிருந்த இரண்டு முட்டுக்களைக் கோடாரியால் தட்டிவிட்டான். கூரைக் கல் கிட்டோவின் மேல் இரண்டாம் முறை விழுந்தது. அதன் பிறகுதான் உதவிக்குக் கத்தினான்.

விசாரணையில் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்து பொய் சொன்னான். நெஸ்டாவிடம் போய், “சட்டுன்னு முடிஞ்சுடுச்சு. ஒரு வார்த்தை பேசல. வலிகூட தெரிஞ்சிருக்காது” என்றான். கோர்ட் வழியாக வாரம்தோறும் அவளுக்குப் பணம் வந்தது. அதில்தான் அந்த வீட்டில் பானை ஏறியது.

இதைத்தான் எழுதினான். பெயர்களை மாற்றினான், ஊரை மாற்றினான். கிட்டோ கல்லுக்கடியில் சொன்னதை மட்டும் மாற்ற முடியவில்லை. வேறு வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தான். போட்டதுமே கதை செத்துப்போயிற்று. திரும்ப அந்த வார்த்தைகளையே எழுதினான்.

இதை எந்தத் தைரியத்தில் அனுப்பினான் என்று கேட்கலாம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது ஐஸ்டெத்வட்டின் வழக்கம்தான். போட்டிக்குப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். யார் எழுதியது என்று நடுவருக்கும் தெரியாது. மேடையில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். எழுதியவர் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் அங்கே கையெழுத்து. மூன்று முறை கூப்பிட்டும் ஒருவரும் எழாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போகும். ‘பள்ளத்தாக்கில் ஒருவன்’ என்று பெயர் வைத்து அனுப்பினான். கடலோரத்து விவசாயிகள் நடுவில் எழுந்து நின்றால் அவனை யாருக்குத் தெரியும்? கிட்டோவை யாருக்குத் தெரியும்? நன்றாகத்தான் கணக்குப் போட்டிருந்தான்.

கதையை அனுப்பி ஒரு மாதம் கழித்துப் பாடகர் குழுத் தலைவர் சேப்பலில் அறிவித்தார். வழக்கமாகப் போகும் போட்டி இந்த வருடம் இல்லை. அதனால் எல்லோரும் கடலோரத்துக்குப் போகிறோம்.

மெர்வினுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்: நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்?

கூடாரத்துக்குள் மிதிபட்ட புல்லின் வாடையும் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் கலந்திருந்தன. பெஞ்சுகள் நிரம்பி, ஓரங்களில் ஆட்கள் நின்றார்கள். கும்ஹெலிக் குழு இடது பக்கம் முன்வரிசைகளில் உட்கார்ந்தது. மெர்வினும் ஓல்வெனும் அவர்களுக்குச் சற்றுப் பின்னால். மேடை நடுவில் அந்த நாற்காலி. கைப்பிடிகளில் இலைகளும் கொடிகளும் செதுக்கியிருந்தது.

“ஜன்னலோரம் கொள்ளாது போலிருக்கே” என்று ஓல்வென் கவலைப்பட்டாள்.

மெர்வின் நாற்காலியைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். அன்றைய விழாத் தலைவர். விழாவுக்குப் பெரிய நன்கொடை கொடுத்தவரைத் தலைவராக உட்கார வைப்பது வழக்கம். இந்தப் பக்கம் கடற்கரையில் வீடு கட்டியிருந்த லாட்டிமர் துரை கொடுத்திருந்தார். கும்ஹெலிக் சுரங்கக் கம்பெனியின் ஏஜெண்ட். கிட்டோவின் விசாரணையில் கம்பெனி தரப்பில் வந்து உட்கார்ந்திருந்தவர். அன்று மெர்வினைப் பார்த்து, “முட்டு நன்றாகத்தான் இருந்தது என்கிறாய், பிறகு எப்படி விழுந்தது?” என்று மூன்று விதமாகக் கேட்டவர். நம்பாமல்தான் பணம் கொடுத்தார்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். இரண்டு பக்கமும் முழங்கால்கள். இருமல் வேறு முட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டான்.

ட்ரெஹார்ன் மேடை ஏறினார். குள்ளமான ஆள், பெரிய குரல். வந்த கதைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்து நார்நாராகத் தொங்கவிடுவது நடுவர்களின் உரிமை. கூட்டம் வருவதே பாதி அதற்காகத்தான்.

“‘ஆற்றங்கரை அன்பன்’ எழுதிய கதையில் எட்டுப் பேர் சாகிறார்கள்” என்றார். “ஏழாவது ஆள் செத்தபோது, அடுத்தது நானாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.”

கூடாரம் குலுங்கியது. எங்கோ உட்கார்ந்திருந்த ஆற்றங்கரை அன்பனும் சேர்ந்து சிரித்திருப்பான், வேறு வழி? ஒவ்வொரு கதையாகப் போனது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மெர்வின் ஜெபித்தான். கிழிபட வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். அவன் கதை வரவே இல்லை. இரண்டு கதைகள் மிஞ்சின.

“‘மலைமேல் விடியல்’ அழகாக எழுதுகிறார்” என்றார் ட்ரெஹார்ன். “தொலைந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. ஆட்டுக்குட்டி கிடைத்துவிடுகிறது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் நாற்காலி இவருக்குத்தான்.”

ஓல்வெனின் விரல்கள் மெர்வினின் தொடையில் அழுந்தின.

“மிச்சம் ஒன்று.” ட்ரெஹார்ன் கண்ணாடியைக் கழற்றினார். வேடிக்கைக் குரல் போய்விட்டது. “இதை எழுதியவருக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. சில இடங்களில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் படித்து முடித்த அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. இரண்டு சுரங்கத் தொழிலாளிகள். ஒருவன் போகக்கூடாத இடத்துக்குப் போய்க் கல்லுக்கடியில் சாகிறான். மற்றவன், விதவைக்கு நஷ்டஈடு கிடைப்பதற்காக, நண்பனின் உடலை வேலையிடத்துக்கு இழுத்து வருகிறான். இழுத்து வந்து, அவன்மேல் கூரையைத் திரும்பத் தள்ளிவிடுகிறான்.”

மேடையில் லாட்டிமரின் கால் ஆடுவது நின்றது.

“இது கற்பனை என்று நான் நம்பவில்லை” என்றார் ட்ரெஹார்ன். “இதை உட்கார்ந்து யோசித்து யாராலும் எழுத முடியாது. சாகிறவன் பேசுகிற இடத்தை மட்டும் படிக்கிறேன்.”

படிக்காதே என்று மெர்வினுக்குள் யாரோ கத்தினார்கள். ட்ரெஹார்ன் கண்ணாடியைத் திரும்ப மாட்டி, தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, சுரங்கத்து ஆள் பேசுகிற மாதிரியே படித்தார்:

“‘நேத்து கொண்டுபோன கட்டை ஈரம்டா. வீடு பூரா பொகை. இன்னைக்கும் ஈரக்கட்டையோட வந்தே, வாசல்லயே படுத்துக்கன்னுட்டா. இது நல்லா காஞ்சது. இத அவகிட்ட குடுத்துரு. திட்ட மாட்டா.’”

கூட்டத்தில் பல பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். மெர்வின் முன்வரிசையில் நீலத் தொப்பியைப் பார்த்தான். அது அசையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பியது. நெஸ்டா யாரையும் தேடவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். நான்கு வருடமாக அவனைப் பார்த்துப் பேசி, சிரித்து, அவன் இருமலுக்குத் தேன் கொடுத்தனுப்பிய முகம். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பணம் போய்விடுமே என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தான். இந்த வார்த்தைகளை அவள் கேட்டால், தன் திட்டுதான் அவனை உள்ளே அனுப்பியது என்று நினைத்தால், என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கிட்டோ அவளுக்காகக் கொடுத்தனுப்பியதை அவளுக்குக் கொடுக்காமல், கூடாரத்துக்குக் கொடுத்திருக்கிறான்.

கொம்பு ஊதினார்கள்.

“பள்ளத்தாக்கில் ஒருவன்” என்று ட்ரெஹார்ன் உரக்கக் கூப்பிட்டார். “இங்கே இருந்தால், அவர் மட்டும் எழுந்து நிற்கட்டும்.”

கூட்டம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. லாட்டிமர் தன் இருக்கையின் நுனிக்கு வந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மெர்வின் எழுந்தால் அந்த ஆளுக்கு நொடிப்பொழுது போதும். மெர்வின் பியூவின் கூட்டாளி யார், எப்படிச் செத்தான், யார் சாட்சி சொன்னது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஓல்வென் காதில் சீறினாள். “உன்னுதுதானே? எந்திரிய்யா.”

“பேசாம இரு.”

“ஜெயிச்சுட்டடா பாவி. எந்திரி.”

இரண்டாம் முறை கொம்பு. இரண்டாம் முறை பெயர். மெர்வினின் கால்கள் தாமாகவே நிமிரப் பார்த்தன. வாழ்நாள் முழுக்க இந்த ஒரு அழைப்புக்காகக் காத்திருந்த கால்கள், அவற்றுக்கு என்ன தெரியும். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மேடையில் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் லண்டன் இருந்தது, அச்சு இருந்தது, நூலகத் தட்டில் ஒரு புத்தகம் இருந்தது. இன்னொரு வருடத்துக்கு அவனிடம் மூச்சு இல்லை.

“நீ எந்திரிக்கலேன்னா நான் எந்திரிப்பேன்” என்றாள் ஓல்வென். எழுத்தாளர் சார்பில் வீட்டார் எழுந்து நிற்கலாம், அதற்கும் வழக்கம் உண்டு. அவள் எழப்போனாள். மெர்வின் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். கல்யாணமான நாள் முதல் அவள்மேல் அவன் அப்படிக் கை வைத்ததில்லை.

“வலிக்குதுய்யா.”

“அந்தக் கதை கிட்டோவோடது” என்றான் அவள் காதோரம். “நான் எந்திரிச்சா நெஸ்டா பிள்ளைங்க தெருவுல நிக்கும். நான் ஜெயிலுக்குப் போவேன்.”

ஓல்வென் அவனைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவள் கை தளர்ந்தது. ஆனால் கண்ணில் வந்த கோபம் போகவில்லை. அது போகப்போவதும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். காற்றில் கூடாரத் துணி படபடத்தது. மெர்வின் பியூ உட்கார்ந்திருந்தான்.

“வருத்தமாக இருக்கிறது” என்றார் ட்ரெஹார்ன். உண்மையாகவே வருந்தினார். “இதை எழுதியவர் இங்கே இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் எழவில்லை என்றும் ஓரளவு ஊகிக்கிறேன். உரிமை கோராத எழுத்தை நான் அச்சிட முடியாது.” தாள்களை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு ‘மலைமேல் விடியல்’ என்று கூப்பிட்டார்கள். பின்வரிசையில் ஒரு வங்கிக் குமாஸ்தா முதல் அழைப்பிலேயே துள்ளி எழுந்தார். இரண்டு பெரியவர்கள் அவர் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. கைதட்ட ஒரு ஆள் என்று பேருந்தில் நெஸ்டா சொன்ன மெர்வினும் தட்டினான். தட்டாமல் இருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

பாடகர் குழுக்களுக்கு முன் இடைவேளை விட்டார்கள். கூடாரத்துக்குப் பின்புறம், தேநீர் கொதிக்கும் பெரிய பாத்திரங்களைத் தாண்டி, வேலியோரம் போய் மெர்வின் குனிந்து நின்று இருமினான். நெஞ்சு கிழிந்துவிடும்போல இருந்தது. நிமிர்ந்தபோது நெஸ்டா நின்றுகொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை பேசலன்னு சொன்ன” என்றாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

“நாலு வருஷமா தெனமும் என் வீட்டத் தாண்டித்தானே லைப்ரரிக்குப் போற. ஒருநாள் நின்னு சொல்லியிருக்கலாம். நான் கேக்குறதுக்கு முன்னாடி அந்த லண்டன்காரன் கேட்டிருக்கான். இந்த ஊரு மாட்டுக்காரனெல்லாம் கேட்டிருக்கான். மூக்கச் சிந்தி அழுகுறாங்க உள்ள.”

“நெஸ்டா, நான் எந்திரிக்கலயே. உனக்கு ஒண்ணும் ஆகாது. பணத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“பணமா.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அதுல தானே என் பிள்ளைங்க சாப்பிடுது. வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். வாங்காம இருக்க முடியுமா என்னால? எப்படி வந்த பணம்னு தெரிஞ்சுக்கிட்டே வாங்கணும் இனிமே.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு பசுவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “அவன இழுத்தது, கல்லத் தள்ளுனது எல்லாம் விடு. எனக்காகப் பண்ணுன. அதெல்லாம் விடு. அவன் சொன்னதா எழுதியிருக்கியே, ஈரக்கட்டை, வாசல்ல படுத்துக்கன்னு. அது அவன் சொன்னதா, நீ எழுதுனதா?”

இத்தனை வருடம் கதை கட்டிக் கட்டித் தோற்றவனுக்கு அந்த நிமிடம் ஒரே ஒரு நல்ல பொய் கையில் கிடைத்தது. அதைச் சொல்வதென்றால், அவன் எழுதியதிலேயே உயிருள்ள ஒரே இடத்தை அவனே மறுக்க வேண்டும். யாராலும் யோசித்து எழுத முடியாது என்று மேடையில் புகழப்பட்ட இடத்தை. அவன் தயங்கவில்லை. அதையாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தான்.

“நான் எழுதுனது” என்றான். “கதைன்னா ஏதாவது சேக்கணும்ல. அவன் எதுவும் பேசல, நெஸ்டா. சத்தியமா பேசல. காஞ்ச கட்டைன்னு அவனாத்தான் உள்ள போனான். அந்தப் பேச்சு பூரா நான் கட்டுனது.”

போகத் திரும்புவதுபோல அவள் தொப்பியைத் தலைக்குத் தூக்கினாள். நம்பிவிட்டாள் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது, நெஞ்சுகூட லேசாயிற்று.

“அன்னைக்கு விடியக்காலையில நான் அவனத் திட்டுனப்ப பிள்ளைங்க தூங்கிட்டு இருந்துச்சு” என்றாள் நெஸ்டா. “வீட்டுல வேற யாரும் இல்ல. வாசல்ல படுத்துக்கன்னுதான் சொன்னேன். இந்த நாலு வருஷத்துல அத ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. நீ எப்படிக் கட்டுன, மெர்வின்?”

உள்ளே கும்ஹெலிக் குழுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். லியூ கூடார வாசலில் நின்று, “நெஸ்டா, வா, நம்ம முறை வந்துருச்சு” என்று கையாட்டினான். அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். தொப்பி ஊசி நிற்கவில்லை, மறுபடி குத்தினாள். பதிலுக்காக இன்னும் கொஞ்சம் நின்றாள். மெர்வின் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அவள் திரும்பி, மற்றப் பெண்களோடு சேர்ந்து பாடுவதற்காக உள்ளே போனாள்.